பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பதியருக்கு,

அமெரிக்காவில் இருந்துகொண்டு, பல்கேரியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டுக் காத்திருக்கிற தமிழர்கள் நீங்கள். பெரிய கூட்டமில்லை என்றாலும், நாங்களும் அங்கிருந்து ஒரு பையனை அழைத்து வந்தவர்கள் என்று யாரோ சொல்லி, என் எண்ணை வாங்கி அவ்வப்போது கூப்பிடுகிறீர்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன பொம்மை வாங்கிக்கொண்டு போகலாம், குளிர் தாங்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, பிள்ளை எங்களிடம் ஒட்டுமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். முதல் பயணத்தில் பிள்ளை உங்களிடம் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டவைக்க மெனக்கெடவும் வேண்டாம். அவன் எப்போது எழுந்திருக்கிறான், எதை விரும்பிச் சாப்பிடுகிறான், யார் அதட்டினால் கேட்கிறான், யார் முதுகைத் தட்டினால் தூங்குகிறான் என்று பார்த்துத் தெரிந்துகொண்டு வாருங்கள். அங்கே உங்களுக்கு வேறு வேலை கிடையாது.

இரண்டு பயணம் ஏன் என்று கேட்கிறீர்கள். சட்டம் அப்படி. 2009-இல் நடைமுறைக்கு வந்த பல்கேரியக் குடும்பச் சட்டத்தின்படி, வெளிநாட்டுத் தம்பதி சம்மதம் எழுதித் தருவதற்கு முன் குழந்தையோடு ஐந்து நாளாவது நேரில் பழகியிருக்க வேண்டும். சம்மதம் கொடுத்த கையோடு குழந்தையைத் தந்துவிட மாட்டார்கள். நீங்கள் வெறுங்கையோடு ஊர் திரும்புவீர்கள். கோப்பு நீதி அமைச்சகத்துக்குப் போய், அங்கே ஒப்புதல் வாங்கி, சோஃபியா நகர நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் சார்பில் வழக்கறிஞர் நிற்பார். தீர்ப்பு வந்து, புதிய பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாம் பயணம். இடையில் பல மாதங்கள் ஓடிவிடும்.

அந்த ஐந்து நாளை நாம் என்னவாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம் என்பதில்தான் கோளாறு. பெண் பார்க்கப் போகிற மாதிரி போகிறோம். நல்ல உடுப்பு, கை நிறையப் பரிசு, முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் பக்கமும் பிள்ளைக்குத் தலைவாரி, புதுச்சட்டை மாட்டி, ஒரு பாட்டுப் பாடச் சொல்லி நடு அறையில் நிறுத்துகிறார்கள். பஜ்ஜி சொஜ்ஜி ஒன்றுதான் பாக்கி. பிடித்திருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்காதீர்கள். கூட இருந்த பிள்ளைகளை இப்படி யாரோ வந்து பார்த்து, பிறகு அழைத்துப் போனதை அவன் கண்டிருக்கிறான். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பாமலே போனதையும் கண்டிருக்கிறான்.

புறப்படும் முன் உங்களில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். மொகிலினோ என்ற கிராமத்து இல்லத்தைப் பற்றி 2007-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம். எலும்பும் தோலுமாய், கட்டிலில் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பல்கேரியாவையே அது உலுக்கிவிட்டது. அந்த இல்லம் 2009-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு, நாடெங்கும் இருந்த 137 குழந்தைகள் நிறுவனங்களைப் படிப்படியாக மூடுவதென்று அரசு முடிவெடுத்தது. குழந்தைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்கும், ஊருக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற சிறு இல்லங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். நீங்கள் போய் நிற்கப்போவதும் பெரும்பாலும் அப்படியொரு வீட்டு வாசலில்தான். வெளியே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும். உள்ளே சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், துவைத்த துணியின் வாசனை, அடுப்பில் சூப். படம் பார்த்து வந்த இரக்கத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களுக்கு அங்கே அதை எங்கே இறக்கி வைப்பதென்றே தெரியாது. குறை இல்லாத இடம் என்று சொல்லவில்லை. குறை என்னவென்றால், ராத்திரி பயந்து எழுகிற பிள்ளைக்கு எந்த ராத்திரியில் யார் வருவார்கள் என்று நிச்சயமில்லை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஷிப்ட்டில் வருகிற பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவர்களை 'லேல்யோ' என்று கூப்பிடுவார்கள்; கூப்பிடாமல் பேச்சில் சொல்லும்போது 'லேல்யா'. நம் ஊர் அத்தை, சித்தி எல்லாம் அதில் அடக்கம். நீங்களும் அப்படியே கூப்பிடலாம். நாற்பது ஐம்பது வயதிருக்கும், சம்பளம் சொற்பம், அநேகமாகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். முதல் நாள் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடம் கழுவித் துடைத்து வளர்த்த பிள்ளையை அழைத்துப் போக வந்தவர்கள் நீங்கள். அமைச்சகத்திலிருந்து வருகிற கடிதத்தில் அவர்கள் பெயர் ஓரிடத்திலும் இருக்காது. இயக்குநருக்கு ஒரு சாக்லேட் பெட்டி, உளவியலாளருக்கு ஒரு சாக்லேட் பெட்டி என்று கொடுத்துவிட்டு இவர்களைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய தகவல் முழுக்க இவர்களிடம்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை அரைமணி நேரம் அறையை விட்டு வெளியே கூட்டிவந்து, சமையலறை வாசலில் நின்று இவர்களோடு பேசுங்கள். பிள்ளைக்கு எதிரில் வேண்டாம்.

எதையெல்லாம் கேட்க வேண்டும் என்றால், உப்புச் சப்பில்லாத விஷயங்களைத்தான். குளியல் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. எந்தச் சோப்பு. தூங்கும்போது விளக்கு எரிய வேண்டுமா, கதவு திறந்திருக்க வேண்டுமா. தலை துவட்டும்போது அழுவானா. நாய்க்குப் பயமா. கோபம் வந்தால் அடிப்பானா, அல்லது மேசைக்கு அடியில் போய் ஒளிவானா, ஒளிந்தால் யார் போய்க் கூப்பிட்டால் வருவான். தாலாட்டாக ஏதாவது பாடுவீர்களா, பாடினால் போனில் பதிவு செய்துகொள்ளலாமா. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவ அறிக்கையை ஏஜென்சி மொழிபெயர்த்து அனுப்பிவிடும். அதில் எடை, உயரம், தடுப்பூசி, நோய் எல்லாம் இருக்கும். பிள்ளைக்கு முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது, வெள்ளையை மட்டும் தின்பான் என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

சந்திப்பு காலையில் சுமார் இரண்டு மணி நேரம், மதியத் தூக்கம் முடிந்து மறுபடி இரண்டு மணி நேரம் என்று இருக்கும். உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். தேர்வு எழுதுகிற பிள்ளைகள் மாதிரி நாமும் ஓயாமல் விளையாட்டுக் காட்டத் தோன்றும். வேண்டாம். எங்கள் பையன் நாலு மணி சிற்றுண்டியாக ஒரு சிறு டப்பா தயிர் சாப்பிடுவான். அவன் அதைச் சாப்பிடுகிற விதத்தை மூன்றாம் நாள்தான் கவனித்தேன், காரணம் அதுவரை நான் வாயை மூடவில்லை. முதலில் மேலே ஒட்டியிருக்கிற அலுமினியத் தாளைக் கிழியாமல் உரிப்பான். உள்பக்கத்தை நக்குவான். பிறகு டப்பாவைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, சத்தம் மாறும்வரை காலி செய்வான். கடைசியாக அந்தத் தாளை மேசைமேல் வைத்து நகத்தால் நீவி, சுருக்கம் போனதும் நாலாய் மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஏன் என்று கேட்டதற்கு லேல்யா தோளைக் குலுக்கினார். அவனுடைய அலமாரித் தட்டில் ஒரு காலணிப் பெட்டி நிறைய அந்தத் தாள்கள் இருந்தன. நாங்கள் கொண்டுபோன ரிமோட் கார் இரண்டே நாளில் பொது விளையாட்டுச் சாமானாகி உடைந்தது. அப்படித்தான் ஆகும். அங்கே எதுவும் ஒருவனுக்கு மட்டும் சொந்தமில்லை, அந்தத் தாள்களைத் தவிர. பொம்மை வாங்குவதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு பந்து போதும்.

உங்களைப் பார்த்த முதல் நிமிடமே ஓடிவந்து 'மாமோ', அதாவது அம்மா, என்று இடுப்பைக் கட்டிக்கொண்டால் உருகிப்போய் எனக்கு போன் செய்யாதீர்கள். ஷிப்ட்டில் வளர்ந்த சில பிள்ளைகள் வாசலில் நிற்கிற எந்தப் பெண்ணையும் அப்படித்தான் அழைக்கும். பால் கொண்டுவருகிற அம்மாவையும் அழைக்கும். அருகில் வராமல் சுவரோரம் நின்று உங்களை முறைக்கிற பிள்ளையைப் பார்த்தால் நான் கொஞ்சம் நிம்மதிப்படுவேன். யார் தன்னுடையவர், யார் அந்நியர் என்ற கணக்கு அவனிடம் இருக்கிறது.

இனி நீங்கள் ஆவலாகக் கேட்கிற சாப்பாடு, தங்குமிடம். எங்கள் பையன் இருந்தது வட பல்கேரியாவில், டான்யூப் சமவெளியில் ஒரு சிற்றூர். நாங்கள் தங்கியது ப்ளேவனில். 1877-இல் ரஷ்யர்களும் ருமேனியர்களும் துருக்கியரை முற்றுகையிட்ட ஊர் அது. அந்தப் போரை வட்டச் சுவரில் ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கும் பனோரமா அங்கே பிரசித்தம். காலைச் சந்திப்புக்கும் மாலைச் சந்திப்புக்கும் நடுவில் மூன்று மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நீங்களும் அங்கே போவீர்கள், எல்லோரும் போகிறார்கள். ஹோட்டலைவிட, சமையலறையோடு ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுங்கள். பழைய சோஷலிசக் காலத்து கான்கிரீட் அடுக்குமாடிதான் கிடைக்கும், லிஃப்டில் இரண்டு பேரும் ஒரு பெட்டியும் நிற்பதே அதிகம். ஆனால் அரிசி வைத்துக்கொள்ளலாம். தயிரைப் பற்றிக் கவலை வேண்டாம். தயிரைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிரை 1905-இல் கண்டுபிடித்தவர் ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், அந்த நுண்ணுயிரின் பெயரிலேயே அவர்கள் நாடு இருக்கிறது. எந்தச் சின்னக் கடையிலும் நானூறு கிராம் டப்பாவில் கெட்டித் தயிர் கிடைக்கும். 3.6 சதவீதம் என்று போட்டதை எடுங்கள். கடுகும் பெருங்காயமும் ஊரிலிருந்து கொண்டுபோய்விட்டால் தயிர்சாதத்துக்குக் குறையில்லை. வெளியே சாப்பிடுவதென்றால் காலையில் பேக்கரியில் பனிட்சா, அதாவது வெண்பாலாடைக்கட்டி வைத்து அடுக்கடுக்காய்ச் சுட்டது. மதியம் பீன்ஸ் சூப், ஷோப்ஸ்கா சாலட். சிவப்புக் குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்து அரைத்த லியுதெனிட்சா ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் ரொட்டிக்கும் சோற்றுக்கும் ஆகும். சைவம் என்று சொன்னால் கோழி கொண்டுவந்து வைக்கிற இடங்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனபோது நாணயம் லெவ். 2026 ஜனவரி 1 முதல் யூரோ. சில்லறைக்கணக்கு உங்களுக்குச் சுலபம்.

தலையாட்டுவதில் கவனம். அங்கே பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. அமெரிக்கர்கள் இதில் திண்டாடுவார்கள். நம் தலை ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆடுகிறது என்பதால் நமக்குப் பரவாயில்லை. ஆனால் பையன் கேட்டதற்கெல்லாம் என் கணவர் வட அமெரிக்கப் பழக்கத்தில் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டான், இவர் ஆட்டினார், குடிக்காமலே கிளாஸை வைத்துவிட்டான்.

மார்ச் மாதம் போனால் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் ஒன்றைப் பார்ப்பீர்கள். மார்ச் 1 அன்று கட்டுவது, மார்தெனிட்சா என்று பெயர். நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை, அல்லது பூத்த மரத்தைப் பார்க்கும்வரை கழற்ற மாட்டார்கள். உங்களுக்கும் கட்டுவார்கள். கையை நீட்டுங்கள். ஜன்னல் விஷயத்திலும் வாதாட வேண்டாம். எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் காற்று ஊடுருவி நோய் வரும் என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை, வெயிலடிக்கிற நாளிலும் பிள்ளைக்குத் தொப்பி மாட்டுவார்கள். தலைகுளித்துவிட்டு வாசலில் நின்றதற்குத் திட்டு வாங்கி வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதை மற்ற வழிகாட்டிப் புத்தகங்கள் உங்களுக்குச் சொல்லாது, அவை வெள்ளைக்காரப் பெற்றோருக்காக எழுதப்பட்டவை. பல்கேரிய இல்லங்களில் ரோமா பிள்ளைகளின் எண்ணிக்கை, மொத்த மக்களில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம். வறுமை ஒரு காரணம். உள்ளூரில் தத்தெடுக்க வருகிறவர்கள் வெளுத்த, ஆரோக்கியமான கைக்குழந்தையைத் தேடுவது இன்னொரு காரணம். ரோமா மக்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது மொழியியல் உறுதிசெய்த சங்கதி. அவர்கள் பேச்சில் எண்கள் பலவும்கூட வடமொழி வழிவந்தவை. சரி, இதெல்லாம் புத்தகத்தில் படிக்கும்போது பெருமையாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ப்ளேவன் கடைத்தெருவில் உங்களை ரோமா என்று நினைப்பார்கள். ஒரு பல்பொருள் அங்காடியில் காவலாளி எங்கள் பின்னாலேயே அலமாரி அலமாரியாக வந்தார். மதுரைப் பேருந்து நிலையத்தில் நரிக்குறவர் பெண்கள் கடை வாசலில் நின்றால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை. வாய் திறந்து ஆங்கிலம் பேசியதும் அந்த ஆள் நகர்ந்துவிட்டார். எங்களுக்கு ஆங்கிலம் இருந்தது, பிழைத்தோம். அந்தப் பார்வையைப் பிறந்ததிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

ஆனால் அதே நிறம் அறைக்குள் வேறு வேலை செய்யும். இரண்டாம் நாள் பையன் தன் முன்கையை என் கணவரின் முன்கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி லெகோவுக்குப் போய்விட்டான். உளவியலாளர் அதை விழுந்தடித்துக் குறிப்பெடுத்தார். இதைக் கேட்டதும் நம்மாட்கள் சிலர் 'பார்த்தீர்களா, நம்ம ரத்தம்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஊரை அவன் தலையில் கட்டாதீர்கள். அவன் ஊர் பல்கேரியா. அவனைப் பெற்றவள் ஒருத்தி, அநேகமாக அந்த மாவட்டத்திலேயே, உயிரோடு இருக்கிறாள்.

அதனால் கோப்பைப் படியுங்கள். 1993-இல் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம் 2002-இலிருந்து பல்கேரியாவில் அமலில் இருக்கிறது; உள்நாட்டில் குடும்பம் தேடிக் கிடைக்காத பிறகே பிள்ளை வெளிநாட்டுப் பட்டியலுக்கு வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஒப்பந்தமே சும்மா வந்துவிடவில்லை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளில் பலருடைய காகிதங்கள் பொய் என்று பின்னால் வெளிவந்தது. ஒப்பந்தம் வந்த பிறகும் ஓயவில்லை: 2005-இல் சென்னையிலேயே, குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் கடல் தாண்டியது அம்பலமாயிற்று. நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை விசாரித்து 2021-இல் நிறுத்திவைத்தது, 2024-இல் படிப்படியாக முடித்துக்கொள்வதென்றே தீர்மானித்துவிட்டது. அதே 2024-இல் சீனா தன் கதவை அடைத்தது, நெருங்கிய உறவினருக்கு மட்டும் விலக்கு. இவ்வளவுக்கும் பிறகு நாம் போகிறோம். போவது தப்பென்று நான் நினைக்கவில்லை. அந்த இல்லத்தில் பதினெட்டு வயதுவரை இருந்துவிட்டுத் தெருவுக்கு வருவதைவிட ஒரு வீடு இருப்பது நல்லது, அவ்வளவு எளிமையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் கேள்வி கேட்காமல் போவது தப்பு. தாய் கையெழுத்துப் போட்டாளா, அல்லது நீதிமன்றம் முடிவெடுத்ததா? அண்ணன் தம்பி அக்கா தங்கை உண்டா, எங்கே இருக்கிறார்கள்? பாட்டி யாராவது வந்து பார்த்ததுண்டா? வருகைப் பதிவேடு இருக்கும், காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் உங்களுக்கு எதற்கு' என்று மொழிபெயர்ப்பாளர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். பதினைந்து வயதில் அவன் உங்களைக் கேட்கப் போகிறான். அப்போது ப்ளேவனுக்கு போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இந்தியாவில் பிள்ளைகள் இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். இருக்கிறார்கள். தத்தெடுக்கச் சட்டப்படி தயாராக இருக்கிற பிள்ளைகளைவிட, அவர்களுக்காகப் பதிவுசெய்து காத்திருக்கிற பெற்றோர் பல மடங்கு அதிகம், வரிசை வருடக்கணக்கில் நகர்கிறது. பல்கேரியாவில் தலைகீழ்: நாலு வயது தாண்டியவர்கள், உடன்பிறப்போடு சேர்ந்து வருகிறவர்கள், ஏதாவது மருத்துவத் தேவை உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஆள் இல்லை. இந்தக் கணக்கைப் போனில் மாமியாருக்கு விளக்குவது கஷ்டம். என் மாமியார் எல்லாம் கேட்டுவிட்டு, 'என்ன ஜாதியோ' என்றார். 'பல்கேரிய ஜாதி' என்றேன். மேலே அவர் பேசவில்லை. பிறகு அவரே பிள்ளையின் கால் அளவு கேட்டார்.

ஐந்தாம் நாள் மாலை விடைபெறுவது பற்றி எல்லோரும் பயப்படுகிறீர்கள். நீளமாக்காதீர்கள். 'நாளைக்கு வருகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போவது மகாபாவம். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற பொய்களில் அதிகம் சொல்லப்படுவது அதுதான். எப்போது வருவோம் என்று உங்களுக்கே தெரியாது. 'காகிதம் முடியவேண்டும், ரொம்ப நாள் ஆகும், வருவோம்' என்று மொழிபெயர்ப்பாளரைவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் படங்கள் ஒட்டிய ஒரு சின்ன ஆல்பம் விட்டுவிட்டு வாருங்கள். வாசல், சமையலறை, அவன் படுக்கப்போகும் கட்டில், பக்கத்து வீட்டுப் பூனை. ஊர் திரும்பிய பிறகு இல்லம் அனுமதித்தால் வீடியோவில் பேசுங்கள். பேச மாட்டான். பரவாயில்லை, அவன் பாட்டுக்கு விளையாடுவான், நீங்கள் பாட்டுக்குக் காய் நறுக்குங்கள்.

இடைப்பட்ட மாதங்களில் நீங்கள் தவிப்பீர்கள், எல்லோரும் அனுதாபமாகப் பேசுவார்கள். அவன் பக்கத்தில் யாரும் அனுதாபமாகப் பேச மாட்டார்கள். சேட்டை செய்தால், 'அமெரிக்கா போகிறவன் இப்படியா' என்று அதட்டல்தான் கிடைக்கும். தூங்காமல் கிடப்பான், கட்டிலை நனைப்பான். சட்டம் வைத்திருக்கிற இந்த இடைவெளி பெரியவர்களுக்கு யோசிக்க நேரம் தருகிறது. பிள்ளைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. இதை நீதி அமைச்சகத்திடம் யாராவது சொல்ல வேண்டும், நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் பயணத்தில்தான் அந்த நோட்டு சோறு போடும். நாங்கள் போனது செப்டம்பரில். ஊரெங்கும் குடைமிளகாய் சுடுகிற வாசனை, குளிர்காலத்துக்கு லியுதெனிட்சா கிண்டுகிற காலம். இல்லத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் உடுப்பு, கூடவே அந்தக் காலணிப் பெட்டி. சில இடங்களில் உடுப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். ஒரு பழைய சட்டையையாவது கேட்டு வாங்குங்கள், துவைக்காமல் வைத்திருங்கள். பிறகு சோஃபியாவில் மருத்துவப் பரிசோதனை, அமெரிக்கத் தூதரகம், விசா என்று சில நாட்கள். அங்கே எடுத்திருந்த ஃபிளாட்டில் முதல் ராத்திரி அவன் ஊரைக் கூட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நோட்டைப் பார்த்தோம்: சாப்பாட்டுக்கு முன்னால் குளியல், கூடத்து விளக்கு, கதவு ஒரு சாண் திறந்து. லேல்யா பாடிய பாட்டை போனில் போட்டோம். அடங்கவில்லை. பாட்டைக் கேட்டதும் இன்னும் அதிகமாக அழுதான். ஆனால் அந்த அழுகை வேறு, யாருக்காக அழுகிறான் என்று எங்களுக்குத் தெரிந்தது. என் கணவர் தயிர் டப்பாவைத் திறந்து கொடுத்தார். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தாளை நீவி மடித்து வைத்துவிட்டுத்தான் தூங்கினான்.

காகித வேலை பற்றி இரண்டு வரி. தம்பதியில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் போதும் என்பதால், உங்களில் சிலர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறீர்கள். பல்கேரியா 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக ஷெங்கனில் இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு விசா வேண்டும். சந்திப்புத் தேதி வந்த பிறகு ஓடாதீர்கள். பிள்ளை அமெரிக்க மண்ணில் இறங்கியதும் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை வந்துவிடும் என்றாலும், அதற்கான சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்கேரியத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் பெட்டகத்தில் வையுங்கள்.

லேல்யாவின் எண்ணையும் வாங்கி வையுங்கள். எங்கள் லேல்யா வைபரில் இருக்கிறார். மாதத்துக்கொரு படம் அனுப்புகிறோம், அவர் பத்து இதயம் அனுப்புகிறார், கூடவே 'தொப்பி எங்கே' என்று கேட்கிறார்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் தாராளமாகக் கூப்பிடுங்கள். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் வேண்டாம், அவனைத் தூங்கவைக்கிற நேரம்.

அன்புடன்,
ஏற்கெனவே போய்வந்த ஒருத்தி